கறுத்துப்போன பிளக்

கடத்தூரில் தனியாக அறை எடுத்து வேலை பார்த்த எண்பதுகளில் என்னிடம் ஒரு பைக் இருந்தது. வேகத்துக்காக இன்ஜினை மாற்றியமைத்திருந்தேன். அதற்கு எந்த ஸ்பார்க் பிளக் சரி என்று கடைவீதி மெக்கானிக் பாஷாவிடம் கேட்டேன்.

"கிட்டக்க ஓட்டறதுக்கு ஒண்ணு, தூரமா வெரட்டி ஓட்டறதுக்கு ஒண்ணுங்க சார். நீங்க எப்படி ஓட்டுவீங்க?"

"ஞாயித்துக்கிழமையானா பெங்களூர்தான். பிரெண்ட்ஸ் இருக்காங்க."

பொய். எனக்கு அங்கே யாரும் இல்லை. ஞாயிறு முழுக்க அறையில் படுத்துக் கிடப்பேன்.

தூர ஓட்டத்துக்கான பிளக்கையே போட்டார். அறைக்கும் ஆபீசுக்கும் நடுவிலிருந்த ஒரு கிலோமீட்டரில் அது சூடாகவே இல்லை. ஒரே மாதத்தில் மூன்று முறை வண்டி நின்றுபோனது.

மூன்றாம் முறை பாஷா பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். சூடேறாததால் எரிந்துபோகாத எண்ணெய்க் கரி அப்பியிருந்தது. தூரம் ஓடிய பிளக் காப்பிப்பொடி நிறத்தில் இருக்கும் என்பது எனக்கும் தெரியும். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கரியைத் துடைத்தபடியே சொன்னார்:

"பிளக்கு இதே இருக்கட்டுங்க சார். ஞாயித்துக்கிழமை நானும் என் வண்டியில வரேன். தொப்பூர் வரைக்கும் போயி டீ குடிச்சிட்டு வரலாம்."

அந்த ஞாயிறு காலை வாசலில் ஹாரன் கேட்டது. குளித்து, சட்டைகூட மாட்டியிருந்தேன். ஆனால் என் பொய்யைத் தெரிந்துகொண்டவர் முன்னால் போய் நிற்கக் கூச்சமாக இருந்தது. கதவைத் திறக்கவில்லை. இன்னும் இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டு அவர் போய்விட்டார்.

பிறகு எத்தனையோ ஊர்களில் வாடகைக்கு இருந்துவிட்டேன். கூட வருகிறேன் என்று என் வாசலில் வந்து நின்றவர் அவர் ஒருவர்தான்.