ஏரம்பமூர்த்தியின் கார் குளிர்ந்த கதை

ஏரம்பமூர்த்தி என்ற பெயரைக் கண்மணி முதன்முதலாகக் கேட்டது ஒரு வெள்ளிக்கிழமை. சிங்கப்பூர் கேம்பல் லேனில் தன் பூக்கடையில் உட்கார்ந்து சரம் தொடுத்துக்கொண்டிருந்தாள். மகள் சுதா வந்து, தான் கட்டிக்கொள்ளப் போகிற வசீகரனின் அப்பா பெயர் அது என்றும், ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு பெண் பார்க்க வருவார் என்றும் சொன்னாள்.

"பேரு ரயிலு மாதிரி நீளமா இருக்கு. எதுல வர்றாங்க?"

"சொந்தக் கார்லதான்மா. அறுபத்தோராம் வருஷத்துக் காரு."

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு வர வேண்டியவர்கள் ஐந்து மணிக்கு டாக்சியில் வந்து இறங்கினார்கள். அரை மணி கழித்து, ஃபேரர் பார்க்கில் கண்மணி குடியிருந்த அடுக்குமாடி புளோக்கின் கீழே ஓர் இழுவை லாரி வந்து நின்றது. அதன் முதுகில் வெளிர்பச்சையில் ஒரு குட்டிக் கார், மூக்கில் சாமந்தி மாலையோடு உட்கார்ந்திருந்தது. வழியில் கொதித்து நின்றுபோன காரை ஏரம்பமூர்த்தி தம் வீட்டுக்கு அனுப்பவில்லை. காரில் வருகிறோம் என்று வாக்குக் கொடுத்தாயிற்று. கார் வந்து சேர வேண்டும், அவ்வளவுதான்.

கண்மணியின் தம்பி இராமசாமி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். "அக்கா, மாப்பிள்ளைக்கு மாலை இல்ல, காருக்குத்தான் மாலை. நீ யாரைப் பார்த்துப் பொண்ணு குடுக்கப் போற?"

ஏரம்பமூர்த்தியின் வம்சத்தையும் சொல்ல வேண்டும். தகப்பனார் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையிலிருந்து வந்து மலாயா ரயில்வேயில் கிளார்க்காக இருந்தவர். அவருடைய அக்காள் மகன் வாங்கிய கார் அது. வாங்கியவர் லண்டனுக்குக் குடிபோகும்போது மாமன் மகனான ஏரம்பமூர்த்தியிடம் விட்டுப் போனார். இவர் தஞ்சோங் பகாரில் துறைமுக அலுவலகத்தில் முப்பத்தாறு வருஷம் கோப்பு பார்த்தவர். சிலேத்தார் ஹில்ஸில் வரிசை வீடு. மனைவி கமலாம்பிகை கல்யாணமாகி யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். சிங்கப்பூரில் நாற்பது வருஷத்துக்கு மேல் இருந்தும் பேச்சை மட்டும் ஊரிலேயே வைத்திருந்தார்.

அந்தக் கார் நல்ல நாளுக்குத்தான் வெளியே வரும். பழங்காருக்கு வருஷத்தில் எண்ணி வைத்த நாட்கள்தான் சாலையில் அனுமதி. இவர் அதிலும் கருமி. மார்க்கெட்டுக்குப் போக ஒரு நாளைச் செலவழிக்க மாட்டார். கோயில், கல்யாணம், காதுகுத்து என்றால் எடுப்பார். நல்ல காரியத்துக்குப் போகிற கார் வெறும் முகத்தோடு போகக்கூடாது என்பது கமலாம்பிகையின் சட்டம். சம்பந்தம் ஆன பிறகு மாலைகள் எல்லாம் கண்மணி கடையிலிருந்துதான். சம்பந்தி வீட்டுக் காருக்கு ஒல்லியாகக் கட்டினால் நாலு பேர் என்ன பேசுவார்கள்? வருஷத்துக்கு வருஷம் மாலை தடித்துக்கொண்டே போயிற்று.

காரும் தவறாமல் கொதித்தது. வசீகரன் கல்யாணத்தன்று பொத்தோங் பாசிரில் கொதித்தது. பேத்தி ரக்ஷனாவின் காதுகுத்துக்குக் கோயில் வாசலிலேயே புகைந்தது. ஏரம்பமூர்த்தியின் அறுபதாம் கல்யாணத்தன்று கிழவரும் கிழவியும் மாலையும் கழுத்துமாகப் பஸ்ஸில் போய் இறங்கினார்கள். பஸ்ஸில் இருந்த சீனப் பாட்டி ஒருத்தி, புதுசாகக் கல்யாணமா என்று கேட்டு எழுந்து இடம் கொடுத்தாளாம்.

போன வருஷம் ஏரம்பமூர்த்தியின் கடைசி மகள் சிவதர்ஷினிக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை ஸ்ரீநாத். மாப்பிள்ளை வீட்டார் விருப்பப்படி சிராங்கூன் ரோடு பெருமாள் கோயில் மண்டபம். மணப்பெண் அப்பாவின் காரில்தான் போக வேண்டும் என்று ஏரம்பமூர்த்தி ஆரம்பித்த உடனே கமலாம்பிகை கையை உயர்த்தினார்.

"இஞ்ச பாருங்கோ. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகேக்க இது கொதிச்சுதெண்டால், அடுத்த நாளே அந்த ஜோகூர் ஆளுக்குக் குடுத்துப்போடுவன்."

ஜோகூர் ஆள் சும்மா பேச்சு இல்லை. ஸைஃப் என்று பெயர்; எல்லைக்கு அப்பால் ஜோகூரிலிருந்து காரை விலைக்குக் கேட்டு இரண்டு தடவை வந்து பானட்டைத் திறந்து பார்த்துவிட்டு, தேதி மட்டும் சொல்லுங்கள் என்று போயிருந்தார்.

ஏரம்பமூர்த்தி எழுபத்து நாலு வயதில் வீட்டு வாசலில் பாய் விரித்துப் படுத்தார். மயங்கிவிட்டாரா, தூங்கிவிட்டாரா என்று தெருவே பார்த்தது. காருக்கு அடியில் இருந்தார். எஞ்சின் தண்ணீரைக் காற்றில் ஆற வைக்கிற பழைய ரேடியேட்டரைக் கழற்றினார்; புளிக்கரைசல் மாதிரி தண்ணீர் கொட்டியது. பழையதை விட இரண்டு மடங்கு தடிமனில் அலுமினிய ரேடியேட்டர் வரவழைத்தார். குழாய்களை மாற்றினார். சூடேறினால் திறந்து தண்ணீரை ஓட விடுகிற தெர்மோஸ்டாட் ஒன்று புதிதாக வாங்கி, அது சரியாகத் திறக்கிறதா என்று அடுப்பில் கொதிக்க விட்டுப் பார்த்தார். எந்தப் பாத்திரத்தில்? கமலாம்பிகையின் இடியப்பச் சட்டியில். அன்று அந்த வீட்டில் இரவுச் சாப்பாடு ரொட்டி.

மின்விசிறி பொருத்திய அன்று கண்மணியும் அங்கே இருந்தாள். சுவிட்சைப் போட்டதும் ரேடியேட்டருக்கு முன்னால் நின்ற ஏரம்பமூர்த்தி உடுத்தியிருந்த சாரம் இடுப்புக்கு மேல் பறந்தது. கண்மணி சட்டென்று வானத்தைப் பார்த்தாள்.

"காத்தை உள்ள இழுக்கணும் சம்பந்தியம்மா, இது வெளிய தள்ளுது," என்றார் சாரத்தை இரு கையாலும் பிடித்துக்கொண்டு. "அந்தக் காலத்து பிரிட்டிஷ் காருக்கு கரன்ட் தலைகீழ் லா. வயரை மாத்திக் கொடுத்தாப் போதும்."

"மொதல்ல பேன்ட் மாத்திட்டு வாங்க சம்பந்தி. வயரு எங்கயும் ஓடாது."

வயரை மாற்றினார். சோதனை ஓட்டத்துக்கு ஒரு நாளைத் தியாகம் செய்து, கண்மணியை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு, உச்சி வெயிலில் மார்சிலிங் பக்கம் ஜோகூருக்குப் போகிற கார் வரிசைக்குள் வேண்டுமென்றே நுழைந்தார். முக்கால் மணி நேரம் நகரவில்லை. சூடு காட்டுகிற முள்ளும் நகரவில்லை. "இப்பச் சொல்லுங்க," என்றார். கண்மணிக்கு வியர்த்து ஊற்றியது. காருக்கு ஒன்றும் ஆகவில்லை.

இப்படி ஒரு காருக்கு எப்படி மாலை கட்ட வேண்டும்? கண்மணி கடையை ஒரு நாள் மூடிவிட்டு உட்கார்ந்தாள். சாமந்தி, ரோஜா, தாமரை மொட்டு, நடுவே மரிக்கொழுந்து. இந்த விளக்கிலிருந்து அந்த விளக்கு வரை காரின் முகமே தெரியாமல், தலையணைத் தடிமனுக்கு. கல்யாணத்தன்று காலையில் இரண்டு பேர் பிடித்துக் கட்ட வேண்டியிருந்தது.

பின்சீட்டில் சிவதர்ஷினியும் கமலாம்பிகையும். முன்னால் கண்மணி. பொத்தோங் பாசிர் தாண்டும் வரை சுகமாகப் போயிற்று. பூன் கெங் சிக்னலில் நிற்கும்போது முள் எழுந்தது. அடுத்த சிக்னலில் இன்னும் எழுந்தது. ஏரம்பமூர்த்தியின் காதுமடல் சிவந்தது.

"ஏன் கதைக்கிறியள் இல்லை?" என்றார் பின்னாலிருந்து கமலாம்பிகை.

"ரோட்டைப் பார்த்து ஓட்டுறேன் லா."

அப்போதுதான் கண்மணிக்கு அந்த வாசனை வந்தது. பெட்ரோல் இல்லை, ரப்பர் இல்லை. வெந்த பூ. நாற்பது வருஷம் பூவோடு இருந்தவளுக்கு அது தெரியாதா? மார்சிலிங்கில் முக்கால் மணி நேரம் நின்று கொதிக்காத கார். அன்றைக்கு என்ன இல்லை, இன்றைக்கு என்ன இருக்கிறது? வசீகரன் கல்யாணம், காதுகுத்து, அறுபதாம் கல்யாணம் ஒவ்வொன்றாக மனசில் வந்து நின்றது. எல்லாவற்றிலும் காரின் வாயையும் மூக்கையும் பொத்திக்கொண்டு அவள் கட்டிய மாலை.

"சம்பந்தி, ஓரமா நிறுத்துங்க. மாலை அவிழுது."

"எங்க அவிழுது? நல்லாத்தானே கிடக்கு," என்றார் கமலாம்பிகை.

"கட்டுன எனக்குத் தெரியாதா? நடுரோட்டுல விழுந்தா அபசகுனம்."

அபசகுனம் என்றதும் கமலாம்பிகையே, "நிப்பாட்டுங்கோ," என்றார். கண்மணி இறங்கினாள். பட்டுப் புடவை இடுப்பிலிருந்து பூ வெட்டும் கத்தரியை எடுத்து இரண்டு வெட்டு. அத்தனை பெரிய மாலையைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கி, காரின் கூரைமேல் போட்டு, ஜன்னல் வழியாக நாரை உள்ளே விட்டு முடிந்தாள். ஏரம்பமூர்த்தி எஞ்சினை அணைக்கவில்லை, விசிறி உறுமிக்கொண்டிருந்தது. அவள் ஏறி உட்காரும்போதே முள் இறங்கத் தொடங்கியிருந்தது.

முகூர்த்தத்துக்கு இருபது நிமிஷம் முன்னதாக மண்டப வாசலில் கார் நின்றது. புகையும் இல்லை, சொட்டுத் தண்ணீரும் இல்லை. கமலாம்பிகை இறங்கி, காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பிறகு கணவரிடம், "சரி, நிக்கட்டும்," என்றார்.

பந்தியில் ஏரம்பமூர்த்தி ரேடியேட்டரின் தடிமனை விரலால் காட்டிக்கொண்டே ஒவ்வொரு இலையாகப் போனார். கண்மணியின் இலைக்கு வந்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"சம்பந்தியம்மா, மாலை அவிழ்ந்துச்சா, அவிழ்த்தீங்களா?"

"ரேடியேட்டர்ல நான் தலையிட்டேனா சம்பந்தி? பூவுல நீங்க தலையிடாதீங்க."

 அவர் அவள் இலையில் இன்னொரு வடையை வைக்கச் சொல்லிவிட்டு அடுத்த இலைக்கு ரேடியேட்டர் கதை சொல்லப் போனார்.

மறுவாரம் கமலாம்பிகையிடம் கண்மணி, காருக்கு முன்னால் மாலை போடுவது இப்போது வழக்கம் இல்லை, எல்லாரும் கூரையில்தான் போடுகிறார்கள் என்று ஒரு பொய்யைச் சொன்னாள். கமலாம்பிகை நம்பினார்.

ஏரம்பமூர்த்திக்கு இப்போது எழுபத்தைந்து வயது. சிலேத்தார் ஹில்ஸ் வீட்டில் மனைவியோடு இருக்கிறார். கார் வாசலில் நிற்கிறது.