பன்னிரண்டாவது நட்டு

எலும்பு டாக்டர் உத்தியோகம் பாதி தச்சு வேலை, மீதிப் பாதி தொண்டை கிழியக் கத்துகிற வேலை. கத்துவதில் நான் யாரிடமும் பயிற்சி எடுக்கவில்லை. அது பிறவியிலேயே வந்தது. தச்சு வேலையைக் கற்றுக்கொள்ளத்தான், மேல்படிப்பும் முடித்துவிட்டு, விபத்து எலும்பு முறிவுக்கென்று தனிப் பயிற்சி எடுக்கக் கோவில்பட்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். ஒருத்தரிடம் தொழில் பழகப் போய் வதைபட்ட யாராக இருந்தாலும் சரி, வக்கீல் ஜூனியரோ, தையல் கடை உதவியாளோ, இதைப் படித்தால் உங்களுக்கும் வயிறு எரியும்.

கால் பிடித்த காலம்

முதல் ஏழு மாதம் நான் செய்த ஒரே வேலை கால் பிடித்தது. பெரிய டாக்டர் துளை போடுவார், கம்பி செருகுவார், ஸ்குரு முறுக்குவார். நான் நோயாளியின் குதிகாலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பேன். எக்ஸ்ரே கதிருக்காக மாட்டுகிற ஈயக் கவசத்துக்குள் வேர்த்து ஊற்றும். தோள்பட்டை கழன்று விழுகிற மாதிரி வலிக்கும். முப்பத்தொரு வயசில், இத்தனை பரீட்சை எழுதிவிட்டு, நான் ஒரு ஸ்டாண்டு!

ஒரு நாள் பொறுக்காமல் கேட்டே விட்டேன். “சார், ஒரு ஸ்குருவாவது நான் போடட்டுமா?” அவர் தலையைக்கூடத் திருப்பவில்லை.

“பாத்துப் பாத்துத்தான்டே கை வரும். இப்பம் காலை ஒழுங்காப் பிடி.”

புதுப் பாக்கெட்டு

ஒரு வெள்ளிக்கிழமை பெரிய டாக்டர் சென்னைக்குப் போய்விட்டார். இளம் டாக்டர்களுக்கு எப்படிப் பயிற்சி கொடுப்பது என்று ஒரு கூட்டத்தில் பேசப் போனார். சிரிக்காதீர்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்று மத்தியானம் செல்லத்துரையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மணியாச்சிப் பக்கம் ரயில்வேயில் கீமேன். தினமும் கையில் ஸ்பேனரும் சுத்தியலுமாகத் தண்டவாளத்தோடு நடந்து, ஒவ்வொரு போல்ட்டாகத் தட்டிப் பார்த்து இறுக்குகிற வேலை. என் வயசுதான் இருக்கும். பைக்கில் வரும்போது லோடு ஆட்டோ இடித்து, மழை பெய்து ஊறிக் கிடந்த கரிசல் காட்டுக்குள் விழுந்திருக்கிறார். முழங்காலுக்குக் கீழே எலும்பு ஒடிந்து வெளியே எட்டிப் பார்க்கிறது. காயம் முழுக்கக் கரிசல் மண். அதுக்கு மேலே இன்னொரு கறுப்புப் பொடி. மோந்து பார்த்தேன், காப்பித்தூள்!

“எந்தப் புத்திசாலி இதப் போட்டது?” என்று கத்தின கத்தலில் வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். கூட வந்த மச்சினர் ஒருத்தர் முன்னால் வந்து, என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில் சொன்னார்.

“பழசு இல்ல சார். புதுப் பாக்கெட்டு, இப்பந்தான் பிரிச்சோம்.”

முதல் ஃபிரேம்

பெரிய டாக்டருக்குப் போன் போட்டேன். “நல்லாக் கழுவு. எலும்புல பின் போட்டு வெளிய ஃபிரேம் மாட்டிரு. திங்கக்கிழமை வந்து பாக்கேன். ஃபிரேம் அசைஞ்சு, சீழ் வச்சா காலை எடுக்க வேண்டி வரும், வீட்டுல சொல்லிரு” என்றார். ஏழு மாதம் ஸ்டாண்டாக நின்றவனிடம் ஒரு காலையே தூக்கிக் கொடுத்துவிட்டார். பயந்துவிட்டேன். பயந்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

செல்லத்துரை ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “நடப்பேனா சார்? நடந்தாத்தான் என் வேலை. உக்காந்து பாக்குத வேலை கெடையாது.” “நடப்பீங்க” என்றேன். சொல்லியிருக்கக் கூடாது, சொல்லிவிட்டேன்.

கரிசல் மண் லேசில் போகாது. பாட்டில் பாட்டிலாக ஊற்றிக் கழுவக் கழுவக் கறுப்பாகவே வந்தது. அதற்கப்புறம் எலும்பில் நாலு பின், தோலுக்கு வெளியே கம்பிகள், எல்லாவற்றையும் இறுக்கிப் பிடிக்கப் பன்னிரண்டு நட்டு. நடுவில் பெரிய டாக்டர் போன் பண்ணினார். பக்கத்தில் ஒருத்தர் போனைக் காதில் வைக்க, பதில் சொல்லிக்கொண்டே வேலையை முடித்தேன். சாமானைக் கழுவி எடுத்து வைத்த ஆரோக்கியமேரி சிஸ்டர் இருபது வருஷமாக ஆபரேஷன் தியேட்டரில் இருப்பவர். போகும்போது சொன்னார்.

“கை நல்லா ஓடுது டாக்டர். வாயும் எதுக்கு அதே வேகத்துல ஓடணும்?”

கிரீஸ்

ஞாயிற்றுக்கிழமை காலையில் வார்டுக்குள் நுழைந்தால் டிங், டிங் என்று சத்தம். செல்லத்துரை சாப்பாட்டுக் கரண்டியால் ஃபிரேமைத் தட்டிக்கொண்டிருந்தார். “ஏங்க, விளையாட்டுச் சாமானா அது?” என்று கரண்டியைப் பிடுங்கினேன். அப்போதுதான் பார்த்தேன். கணுக்கால் பக்கத்து நட்டில் கறுப்பாக கிரீஸ் அப்பியிருந்தது.

என் முதல் ஃபிரேம்! யாரோ கை வைத்திருக்கிறார்கள். கோபம் தலைக்கு மேல் ஏறிவிட்டது. ஆரோக்கியமேரி சிஸ்டரைக் கூப்பிட்டு, வார்டு மொத்தமும் பார்க்கக் கிழித்தேன். இருபது வருஷ சர்வீஸ் இதுதானா, சுத்தம்னா என்னன்னு தெரியுமா, இந்தக் கால் போனால் நீங்களா பதில் சொல்வீங்க என்று என்னென்னவோ. அவர் முகம் சிவந்துவிட்டது. நான் மூச்சு வாங்க நிறுத்தினதும் நிதானமாகச் சொன்னார்.

“ஸ்பேனரு அலமாரியில பூட்டிக் கெடக்கு டாக்டர். சாவி வெள்ளிக்கெழமையில இருந்து உங்க பையிலதான் இருக்கு.”

பத்து - பதினொண்ணு

தலையணைக்கு அடியில் அது இருந்தது. கிரீஸ் படிந்த, பத்து - பதினொண்ணு அளவு ஸ்பேனர். மச்சினர் டிபன் பையில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறார். “உம்ம காலு என்ன ரயில் தண்டவாளமாய்யா?” என்று நான் போட்ட சத்தத்துக்குப் பக்கத்துக் கட்டில்காரர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

செல்லத்துரை அசரவில்லை. “திரும்பிப் படுத்தா உள்ள என்னமோ நகருத மாதிரி இருந்துச்சு சார். தட்டிப் பாத்தேன். பதினொரு நட்டு கணீர்னு கேக்கு. ஒண்ணு மட்டும் பொத்துன்னு கேக்கு. அரைச் சுத்து விட்டேன், வலி நின்னுட்டு.”

எக்ஸ்ரே எடுத்தேன். எலும்பு நேராக நின்றது. படத்தைக் கையில் பிடித்தபோதுதான் எனக்கு அந்தப் போன் ஞாபகம் வந்தது. போன் வந்தபோது நான் பிடித்திருந்தது அந்தக் கடைசி நட்டைத்தான். கையால் திருகிவிட்டு, ஸ்பேனர் போடாமலே அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். அப்படியே விட்டிருந்தால் ஃபிரேம் ஆடி, காயம் கெட்டு, இந்த மனுஷன் காலைப் பறிகொடுத்திருப்பார். நடப்பீங்க என்று வாக்குக் கொடுத்த வாய்தான் சிஸ்டரையும் கிழித்தது. என் மேல் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அன்றைக்குக் கத்தக்கூட முடியவில்லை. வார்டு நடுவிலேயே, எல்லார் முன்னாலும், “தப்பு என்னோடதுதான் சிஸ்டர், மன்னிச்சுருங்க” என்றேன். அவர் எக்ஸ்ரே படத்தை என் கையிலிருந்து வாங்கி உறையில் போட்டார். செல்லத்துரைதான் பேசினார்.

“வெசனப்படாதீங்க சார். முறுக்குனவனே சரிபாத்தா எங்க லைன்ல கணக்குல சேக்க மாட்டாவ. பொறத்தால வேற ஆளு வந்து தட்டணும்.”

திங்கட்கிழமை

பெரிய டாக்டர் ஃபிரேமைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. “பரவால்லையே, நல்லா முறுக்கியிருக்கியே” என்றார். ஏழு மாதத்தில் முதல் பாராட்டு. வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டிருக்கலாம். பக்கத்தில் ஆரோக்கியமேரி சிஸ்டர் நிற்கிறார், கட்டிலில் செல்லத்துரை. பன்னிரண்டாவது நட்டு நான் முறுக்கியது இல்லை, செல்லத்துரை முறுக்கியது என்று சொல்லிவிட்டேன். இடி விழும் என்று காத்து நின்றேன். பெரிய டாக்டர் என்னையும் செல்லத்துரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அப்பம் அடுத்த கேசுக்கு இவரு முறுக்கட்டும். நீ காலைப் பிடி.”

எட்டு மாதம் கழித்து செல்லத்துரை கம்பு இல்லாமல் நடந்தே வந்து, தண்டவாள வேலைக்குத் திரும்பிவிட்டதாகச் சொல்லிவிட்டுப் போனார். இப்போதெல்லாம் நான் முறுக்குகிறேன், ஆரோக்கியமேரி சிஸ்டர் கரண்டியால் தட்டிப் பார்க்கிறார், பன்னிரண்டும் கணீர் என்று கேட்கும்வரை நான் வாயைத் திறப்பதில்லை.