ஹபீப் பாய் எழுதிய செயின்ட் டேவிட் பாரிஷ்

செய்தி வாட்ஸப்பில்தான் வந்தது. ஆபீசில் ஒரு மீட்டிங் முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் டப்பாவைத் திறந்து தயிர்சாதத்தில் கை வைத்திருந்தேன். ஹபீப் பாயின் மைத்துனர் போட்டிருந்தார்: காலையில் வீட்டு வாசலில் பனி தள்ளப் போனவர் அங்கேயே விழுந்துவிட்டார், ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது, நாளை மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். அதற்குக் கீழே நம் குழுவில் வரிசையாகக் கைகூப்பிய பொம்மைகள். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஏற்கெனவே ஒருமுறை நெஞ்சுவலி வந்த மனிதர் எதற்குப் பனி தள்ளினார்? தெருவில் அதற்கென்றே ஆட்கள் வருகிறார்களே. அப்புறம்தான் அழுகை வந்தது. டப்பாவை மூடிவிட்டுக் காரில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியும். மீதிப் பேருக்காகச் சொல்கிறேன். ஹபீப் முகம்மது அதிராம்பட்டினத்துக்காரர். சிவில் எஞ்சினியர். நியூ ஜெர்சியில் பாலமும் சாக்கடையும் கட்டியே ரிட்டையர் ஆனவர். இணையத்தில் தமிழில் ஒரு கலைக்களஞ்சியம் தொகுக்கிறோமே, சம்பளம் கிடையாது, சண்டை மட்டும் உண்டு, அந்தக் குழுவில் எங்கள் பிஸ்கட்டவே ஊர் ஆட்களில் அவர்தான் மூத்தவர். சனிக்கிழமை காலையில் பொது நூலகத்தின் பின்னறையில் லேப்டாப்புகளோடு கூடுவோம். மற்றவர்கள் சினிமா, சித்த மருத்துவம், கிரிக்கெட் என்று எழுதினால் அவர் ஊர்களைப் பற்றி மட்டும் எழுதுவார். உலகத்தின் எந்த மூலையில் இருக்கும் ஊரானாலும் சரி, புவியியல், வரலாறு, மக்கள்தொகை என்று மூன்று தலைப்பு. நாலாவது கிடையாது.

நான் சேர்ந்த புதிதில் குற்றாலத்தைப் பற்றி எழுதிவிட்டு, பாராட்டு வரும் என்று காத்திருந்தேன். பாய் உள்ளே புகுந்து ‘எழில் கொஞ்சும்’, ‘மனதை மயக்கும்’ எல்லாவற்றையும் வெட்டித் தள்ளியிருந்தார். சண்டைக்குப் போனேன். “ராஜிம்மா, அழகு படிக்கிறவன் பாடு. எத்தன அடி ஒசரத்துலேருந்து தண்ணி விழுது, அதச் சொல்லுங்க போதும்” என்றார். அவர் சொன்னது சரிதான் என்று ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு வருஷம் ஆனது. அதுவரைக்கும் அவருக்கு டீ போட்டுக் கொடுக்கவில்லை.

எங்கள் குழுவின் விதிகளில் பாதி அவர் எழுதியவை. அதில் ஒன்று, சொந்த அனுபவம் சான்றாகாது என்பது. திண்டுக்கல் பக்கத்து நண்பர் ஒருவர் தன் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் தேன்போல இனிக்கும் என்று எழுதப்போய்தான் அந்த விதியே வந்தது. நான் குடித்திருக்கிறேன் பாய் என்று அவர் அடித்துச் சொன்னார். நீங்கள் குடித்தது உங்கள் வயிற்றுக்குத் தெரியும், படிக்கிறவனுக்கு எப்படித் தெரியும் என்று பாய் கேட்டார். அச்சில் வந்த ஆதாரம் இல்லாத வரிக்கு முதலில் ‘சான்று தேவை’ என்று ஒரு குறி போடுவோம். ஆதாரம் வரவில்லை என்றால் வரி போய்விடும். அந்தக் கிணறும் அப்படித்தான் போனது. நண்பர் ஆறு மாசம் பாயோடு பேசவில்லை.

இனி இம்ரானைப் பற்றிச் சொல்ல வேண்டும். இம்ரான் பாய்க்கும் சபீனாக்காவுக்கும் ஒரே பிள்ளை. மேரிலேண்டில் மெடிக்கல் படிக்கிறான் என்றுதான் நம் எல்லோருக்கும் தெரியும். இஃப்தாரில் கேட்டாலும் மேரிலேண்ட், பொங்கல் விழாவில் கேட்டாலும் மேரிலேண்ட். உண்மையில் அவனுக்கு இங்கே எந்தக் கல்லூரியிலும் இடம் கிடைக்கவில்லை. கரீபியன் கடலோரத்தில் டொமினிக்கா என்ற சின்னத் தீவில் ஒரு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்திருந்தான். நம் ஆட்களுக்கு அது போதாதா? பிள்ளை கரீபியனில் படிக்கிறான் என்றால் பெயிலாகிப் போனவன் என்று நாமே முடிவு கட்டிவிடுவோம், அப்புறம் அவன் பெயரைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வோம். அதற்குப் பயந்து சபீனாக்கா அந்தப் பொய்யைச் சொன்னார். ஃபோட்டோ எதையும் போடாதே என்று பையனிடமும் சொல்லி வைத்திருந்தார்கள். பாய்க்கு இது பிடிக்கவில்லை. ஆனாலும் வாயை மூடிக்கொண்டு இருந்தார்.

ஒரு விடுமுறை நாளில் இம்ரான் வகுப்பு நண்பர்களோடு தீவின் கிழக்குப் பக்கம் போனான். அங்கே இருப்பது அட்லாண்டிக் பெருங்கடல். தண்ணீரில் இறங்கினான். இழுத்துக்கொண்டு போய்விட்டது. பாய் ஓடினார். தேடினார்கள். உடல் கிடைக்கவில்லை.

இங்கே நமக்குச் சொல்லப்பட்டது வேறு. க்ரூஸ் கப்பலில் லீவுக்குப் போன இடத்தில் விபத்து என்றார்கள். முதல் பொய்யைக் காப்பாற்ற இது தேவைப்பட்டது. பள்ளிவாசலில் உடல் இல்லாமலேயே அவனுக்காகத் தொழுதார்கள். சுற்றுலா சென்ற இடத்தில் இறந்த நம் பிள்ளை என்று அறிவித்தார்களாம். பாய் முன் வரிசையில் தலையைக் குனிந்து நின்றார் என்று என் கணவர் வந்து சொன்னார். பிள்ளையைப் பறிகொடுத்தவர் வேறு எப்படி நிற்பார் என்று அன்று நினைத்தோம்.

சில மாதம் கழித்து அவர் நூலகத்துக்குத் திரும்பி வந்தார். வந்து ஒரு புதிய கட்டுரையைத் தொடங்கினார். டொமினிக்காவில் செயின்ட் டேவிட் பாரிஷ். பாரிஷ் என்றால் அங்கே நம் தாலுகா மாதிரி ஒரு பிரிவு. இதுவரை ஒரு ஊருக்கு ஒரு வாரம் எடுத்துக்கொண்டவர், இதை மாதக்கணக்கில் எழுதினார். டொமினிக்கன் ரிபப்ளிக்கா பாய் என்று யாராவது கேட்டால் மட்டும் எரிந்து விழுவார். அது வேறு நாடு, இது வேறு நாடு, வரைபடத்தைப் பாருங்கள் என்பார்.

கட்டுரை அவர் வழக்கப்படி வறண்டுதான் இருந்தது. மலை நேராகக் கடலில் இறங்குகிறது, நடுவே சமவெளி என்று பெரிதாக எதுவும் இல்லை. ஆறுகள் குறுகியவை, வேகமானவை. பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் தீவுக்காகச் சண்டை போட்டார்கள், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுவந்து தோட்டம் வைத்தார்கள். கலினாகோ என்ற ஆதிகுடிகள், கரீபியன் கடலுக்கே பெயர் வரக் காரணமானவர்கள், யாரும் ஆசைப்படாத இந்தக் கரடுமுரடான கரையில் தங்கித் தப்பினார்கள். இன்றும் ஒரே மரத்தைக் குடைந்து படகு செய்கிறார்கள். மக்கள்தொகை சில ஆயிரம்தான், நம் பக்கத்துக் கோயில் கும்பாபிஷேகத்துக்கு அதைவிடக் கூட்டம் வரும். இளைஞர்கள் பிழைப்புக்காகக் கிளம்பிப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். இந்த வரியை எழுதிய அன்று பாய் என்னிடம், எல்லாரும் கிளம்பிப் போகிற ஊருக்கும் சிலர் போகத்தான் செய்கிறார்கள் என்றார். எனக்குப் புரியவில்லை. டீ ஆறுகிறது என்றேன்.

புவியியல் பகுதியின் கடைசியில் ஒரு வரி இருந்தது. ‘இக்கரையின் நீரோட்டம் வலியது, இங்கு கடலில் இறங்கியவர்கள் திரும்பாமல் போனதுண்டு.’ குபெர்டினோவிலிருந்து வீடியோவில் சேரும் கார்த்திக் அந்த வரிக்குப் பக்கத்தில் ‘சான்று தேவை’ என்று குறி போட்டான். அவன்மேல் தப்பே இல்லை. ஆதாரம் இல்லாத வரி, குறி போட வேண்டியதுதான். சனிக்கிழமை காலை வழக்கம்போல ஒவ்வொரு குறியாகப் பேசிக்கொண்டு வந்தோம். இந்த வரி வந்தது. சோர்ஸ் என்ன அங்கிள் என்று கார்த்திக் கேட்டான்.

பாய் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “எம் பையன்தாம்பா சான்று” என்றார்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். மேரிலேண்ட் இல்லை, க்ரூஸ் இல்லை, அங்கே இரண்டு வருஷம் குடியிருந்து படித்தான் என்று சொன்னார். குரல் உயரவும் இல்லை, உடையவும் இல்லை. பாலத்தில் எங்கே விரிசல் விட்டது என்று ஆபீசில் விளக்குகிறவர் மாதிரிச் சொன்னார். திரையில் கார்த்திக் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஸாரி அங்கிள், டேக்க ரிமூவ் பண்ணிடறேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னான். பாய் வேண்டாம் என்றார். லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி, தானே அந்த வரியை அழித்தார்.

எனக்குத் தாங்கவில்லை. ஒரு வரிக்கு விதிவிலக்கு கொடுத்தால் குடியா முழுகிவிடும் என்று கத்தினேன். நூலகப் பெண் எட்டிப் பார்த்தாள். பாய் என்னைப் பார்த்துச் சொன்னார்: “எம் பையனுக்காக ரூல மாத்துனா அது எம் பையன் கட்டுரையா ஆயிடும், ராஜிம்மா. இது அந்த ஊர்க்காரங்க கட்டுரை.”

இந்த மாதிரி விஷயம் நம் ஊரில் நூலகத்தோடு நிற்குமா? ஒரு வாரத்தில் பக்கத்து ஊர் எடிசன் வரைக்கும் போய்விட்டது. சபீனாக்கா எங்கள் யார் போனையும் எடுக்கவில்லை. பாயோடும் சரியாகப் பேசவில்லை. என் பிள்ளையை ஊர் சிரிக்க வைத்துவிட்டீர்கள் என்று ஒருமுறை சொன்னாராம். அதற்குப் பிறகு அந்த வீட்டில் இம்ரான் பெயரே எடுக்கப்படவில்லை. எனக்கு அப்போது அக்காமேல் ஆத்திரம் இருந்தது. இப்போது இல்லை. குரலைத் தாழ்த்திப் பேசியது நாம்தானே. அவர் காதில் விழுந்தது நம் குரல்தான்.

அந்தக் கோடையில் பாய் எங்கள் வீட்டுக்கு வந்து கிச்சனில் உட்கார்ந்து நிறையப் பேசினார். தேடுவதற்கு ஒரு கலினாகோ மீனவர் தன் படகில் இவரையும் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். பாய் அந்த மீனவர் வீட்டில்தான் தங்கியிருந்தார். அந்த வீட்டு அம்மா தினமும் எதையாவது ஆக்கிப் போட்டுவிட்டு, உன் பையனுக்கு என்ன பிடிக்கும், பாடுவானா, கோபக்காரனா என்று கேட்டுக்கொண்டே இருப்பாராம். “இங்க எல்லாரும் எப்படிப் போனான்னு கேட்டாங்க. அங்கதான் எப்படி இருந்தான்னு கேட்டாங்க” என்றார். உடலைத் தேடுவதை எப்போது விட்டீர்கள் என்று நான் கேட்டிருக்கக் கூடாது, கேட்டுவிட்டேன். அவன் படிக்கப் போனது வேறு பாரிஷ், இருப்பது இந்தப் பாரிஷ், அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தார்.

அவருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. “சபீனா ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, எம் புள்ள அங்க படிச்சான்னு வாயால சொல்லிட்டா போதும். அப்பறம் நாங்க ரெண்டு பேரும் உக்காந்து அவனப் பத்திப் பேசிக்கலாம்.” இம்ரானின் கடைசி இரண்டு வருஷத்தைப் பற்றிப் பேச அவருக்கு உலகத்தில் இருந்த ஒரே ஆள் அக்காதான். அந்தப் பையன் வாரம் தவறாமல் பேசியது உம்மாவிடம்தான். என்ன சமைத்தான், எந்தப் பாடத்தில் நல்ல மார்க், யார் சிநேகிதன் என்பதெல்லாம் அக்காவுக்குத் தெரியும். பாய்க்குப் பாதிகூடத் தெரியாது. கேட்டால் அக்கா எழுந்து போய்விடுவார். கடைசி வரைக்கும் அப்படித்தான் நடந்தது. இரண்டு பேரும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள், ஒரே காரில் டாக்டரிடம் போனார்கள், இதை மட்டும் பேசவில்லை. நான் ஒருமுறை அக்காவிடம் பேசிப் பார்க்கட்டுமா என்றேன். வேண்டாம், அவளாகச் சொல்லட்டும் என்றார்.

அடக்கத்தன்று ஆண்கள் கபர்ஸ்தானுக்குப் போனார்கள். பெண்கள் நாங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்திருந்தோம். டெக்சாஸில் பேர்லேண்டிலிருந்து விமானத்தில் வந்த அக்காவின் சித்தி மகள், பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாக, பாவம் பையனும் க்ரூஸ் போனப்போதான் மவுத்தானான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். உண்மை அவருக்கும் தெரிந்திருக்கும். அக்கா மனம் கோணக்கூடாதே என்று அப்படிச் சொல்லியிருக்கலாம்.

சபீனாக்கா தலையை நிமிர்த்தினார்.

“க்ரூஸ் இல்ல. எம் புள்ள டொமினிக்கால டாக்டருக்குப் படிச்சான். நல்லாப் படிச்சான்.”

எனக்கு என்ன தோன்றியதோ, அக்கா பக்கத்தில் நகர்ந்து போய், அங்கே இம்ரான் என்ன சமைத்துச் சாப்பிட்டான் என்று கேட்டேன். மூத்தவர்கள் இருவர் என்னை முறைத்தார்கள். அக்கா முறைக்கவில்லை. மீன்தான், வேறென்ன, என்றார். புளி கிடைக்காமல் எலுமிச்சை பிழிந்து குழம்பு வைத்து, வீடியோவில் காட்டுவான். ரூம்மேட் ஒரு நைஜீரியப் பையன், இவன் கையால் சாப்பிட்டே குண்டாகிவிட்டான். அங்கே அவன் குடியிருந்த வீட்டுக்கார அம்மா இவனைத் தம்பி என்றே கூப்பிடுவார், இவன்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறான். அனாட்டமியில் வகுப்பிலேயே முதல். அக்கா சொல்லிக்கொண்டே போனார். சில இடத்தில் சிரிக்கவும் செய்தார்.

ஹபீப் பாயிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது, எப்படி இருந்தான் என்ற இந்தக் கேள்வியைத்தான். துக்க வீட்டில் இனி வேறு எதையும் கேட்பதாக இல்லை. அன்று அக்கா சாயங்காலம் அஸர் தொழுகை நேரம் வரைக்கும் பேசினார். நாங்கள் இருபது பெண்கள் கேட்டுக்கொண்டிருந்தோம். கேட்க வேண்டியவரை அதற்குச் சற்று முன்னால்தான் மண்ணுக்குள் வைத்துவிட்டு, ஆண்கள் வாசலில் ஷூவிலிருந்து பனியைத் தட்டிக்கொண்டு நின்றார்கள்.