டாக்டர் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பொய்

இரண்டு வருடங்களுக்கு முன்பு நடந்தது. அப்போது ஓசூர் மத்திகிரியில் வாடகை வீட்டில் இருந்தோம். கணவருக்கு கம்பெனியில் ஷிப்ட் வேலை. ஒன்றாம் வகுப்பு படிக்கும் மகளை நானும் மாமியாரும்தான் பார்த்துக்கொள்வோம்.

அந்த ஐப்பசியில் மகள் ஓயாமல் தண்ணீர் கேட்டாள். எப்போதோ விட்டுப்போன, படுக்கையை நனைக்கும் பழக்கம் திரும்ப வந்தது. "குளுருக்கு அப்படித்தாம்மா இருக்கும்" என்றார் அத்தை. யூனிபார்ம் பாவாடை இடுப்பில் நிற்காமல் ஊக்கு குத்தி அனுப்பினேன். குத்தும்போதே எனக்குத் திக்கென்றது. என் தம்பிக்கும் ஒன்பது வயதில் இப்படித்தான் ஆரம்பித்தது.

அவனுக்குச் சிறுவயதிலேயே வந்த சர்க்கரை நோய். அன்றிலிருந்து இன்சுலின்தான். எனக்குக் கல்யாணம் பேசியபோது, "வம்சத்துல இருக்குதுன்னு வேணாம்னுடுவாங்க, வாயத் தொறக்காத" என்று அம்மா சொல்லிவிட்டார். கணவரிடம்கூட நான் சொல்லவில்லை. தம்பி சிங்காரப்பேட்டையிலிருந்து என்னைப் பார்க்க வந்தாலும் சாப்பாட்டு வேளைக்கு முன்பே கிளம்பிவிடுவான். சாப்பிடும் முன் ஊசி போட வேண்டுமே!

ஒரு நாள் மகள் வாந்தி எடுத்தாள். பக்கத்து கிளினிக்குக்கு அத்தையும் கூட வந்தார். நான் வாந்தியை மட்டும் சொன்னேன். டாக்டர் எழுதிக்கொண்டே, "குடும்பத்துல யாருக்காவது சுகர், ஆஸ்துமா, ஃபிட்ஸ் இருக்கா?" என்று கேட்டார். அத்தை என் தோளை ஒட்டி உட்கார்ந்திருந்தார்.

"இல்லைங்க டாக்டர்" என்றேன்.

மருந்து கொடுத்து, வாந்தி நிற்காவிட்டால் உடனே வரச் சொன்னார்.

மறுநாள் காலை மகள் எழவில்லை. புஸ் புஸ்ஸென்று மூச்சு வாங்கினாள். கூப்பிட்டால் கண் பாதிதான் திறந்தது. வாயில் அழுகிய பழ வாசனை. அன்று தம்பியிடம் வந்த அதே வாசனை. ஆட்டோ பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். விரலில் குத்திப் பார்த்த மெஷினில் எண்ணே வரவில்லை. மெஷினால் அளக்க முடியாத அளவுக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது என்றார் நர்ஸ். எல்லார் முன்னாலும், "என் தம்பிக்கு இருக்கு, சின்ன வயசுலேர்ந்தே இருக்கு" என்று கத்திவிட்டேன்.

அத்தை என்னையே பார்த்தார். அடிப்பார் என்றே நினைத்தேன். "நேத்தே சொல்லியிருந்தா புள்ள இப்படிக் கெடக்குமா?" என்று மட்டும் கேட்டார்.

மூன்று நாள் ஐசியூ. பிழைத்தாள்.

குடும்பத்தில் யாருக்கும் இல்லாமலே நிறையப் பிள்ளைகளுக்கு இது வருமாம். குடும்பத்தில் இருந்தால் வந்தே தீரும் என்பதும் இல்லையாம். "ஆனா தெரிஞ்சிருந்தா, தண்ணி தண்ணின்னு கேட்ட அன்னிக்கே டெஸ்ட் பண்ணியிருக்கலாமேம்மா" என்றார் அங்கிருந்த டாக்டர்.

கணவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேச ரொம்ப நாளானது. அத்தைதான், "உன் தம்பிய வரச்சொல்லு. ஊசி போடறது அவனுக்குத்தான தெரியும்" என்றார். தம்பி வந்து, எல்லாரும் பார்க்கத் தன் வயிற்றில் போட்டுக்காட்டினான். அன்றுதான் முதல்முறையாக எங்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டான்.

மகளுக்கு இப்போது எட்டு வயது. தானே ஊசி போடப் பழகுகிறாள். என் கல்யாணம் நின்றுவிடக் கூடாதே என்று நான் மூடிவைத்த ஒரு விஷயம் என் குழந்தையின் உயிரையே பறிக்கப் பார்த்தது.