ஐந்து அப்பன்களும் ஓர் ஊர்ப் பெயரும்

அன்று அறையில் இருந்தவர்கள்: வெல்டர். பெயின்டர். கம்பி கட்டுகிறவர். கேம்ப் மெஸ்ஸில் சமைக்கிறவர். அப்புறம் நான், சாரம் கட்டுகிறவன். ஐந்து பேரும் சிவகங்கைப் பக்கம் ஒரே ஊர். தெரு வேறு, சாதி வேறு. ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரே கம்பெனி, ஒரே அறை.

ஐந்து பேர் பாஸ்போர்ட்டிலும் ஒற்றைப் பெயர்தான். சர்நேம் கட்டம் காலி. ஒற்றைப் பெயர்க்காரனை இனி ஏர்போர்ட்டிலேயே நிறுத்திவிடுவார்கள் என்று கேம்ப் முழுக்கப் பேச்சாக இருந்தது. பாஸ்போர்ட்டை மாற்ற வேண்டும். ஆங்கிலப் பெரிய எழுத்து எழுதத் தெரிந்தவன் அறையில் நான் ஒருவன்தான். எட்டாவது வரை படித்தவன். நான் தாளில் எழுதித் தந்தால் டைப்பிங் சென்டரில் அதைப் பார்த்து அடிப்பார்கள்.

என்ன பெயர் போடுவது என்பதை நான் சைட்டில் கேட்டிருந்தேன். எங்கள் சேஃப்டி ஆபீசர் வெள்ளைக்காரர். வளைகுடாவிலேயே வேலை பார்த்துக் கிழவரானவர். பாதி ஆங்கிலம், பாதி இந்தி பேசுவார். மதிய ஓய்வில் தண்ணீர் டாங்க் நிழலில் உட்கார்ந்திருந்தோம். அவர் ஹெல்மெட்டில் எழுதியிருந்த கடைசிப் பெயரைக் காட்டி, இது அப்பா பெயரா என்று கேட்டேன். இல்லை, ஊர்ப் பெயர் என்றார். காட்டை வெட்டித் திருத்திய இடம் என்று அர்த்தமாம். அவர் முன்னோர் ஒருவர் அந்த ஊரை விட்டு மில் வேலைக்கு டவுனுக்குப் போனார். டவுன்காரர்கள் அவரை அந்த ஊர்க்காரன் என்று கூப்பிட்டார்கள். அதுவே ஒட்டிக்கொண்டது. ஊருக்குள்ளேயே இருந்தவர்களுக்கு அந்தப் பெயர் இல்லை. போனவனுக்குத்தான். இன்று ஆஸ்திரேலியா, கனடா எல்லா இடத்திலும் அந்தப் பெயர்க்காரர்கள் இருக்கிறார்கள்.

“எல்லாம் உங்க சொந்தமா சார்?” என்றேன்.

“நோ நோ. கோயி ரிஷ்தா நஹி” என்றார். ஒரு சொந்தமும் கிடையாது.

முதலில் சொன்னதைப் பிடித்துக்கொண்டேன். கடைசியில் சொன்னதை விட்டுவிட்டேன்.

நாலு தாளில் எங்கள் ஊர்ப் பெயரை எழுதினேன். வெல்டர் முறை வந்தது.

“எனக்கு அப்பா பேரப் போடுண்ணே.”

“எல்லாத்துக்கும் ஊர்ப் பேருதாண்டா. வெள்ளக்காரனே அப்பிடித்தான் வச்சிருக்கான்.”

“அவன் வச்சா வச்சிட்டுப் போறான். எங்கப்பா என்ன நெனப்பாரு?”

பெயின்டர் கட்டிலில் படுத்தபடி சிரித்தார். “விடு மாப்ள. இனிமே அஞ்சு பேரும் அண்ணன் தம்பி. உங்கப்பா தோப்புல எனக்கும் பங்கு உண்டு.”

“மொதல்ல சாப்ட்ட தட்டக் கழுவு. அப்பறம் பங்கு கேளு” என்றார் சமையல்காரர்.

எல்லோரும் சிரித்தார்கள். வெல்டரும் சிரித்தான். நான் ஊர்ப் பெயரை எழுதினேன்.

அவன் அப்பா பெயர் நீளம். அதை ஆங்கிலத்தில் எழுத எனக்குத் தெரியாது. ஊர்ப் பெயரை பஸ் போர்டில் பார்த்துப் பழகியிருந்தேன். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. இதை இன்று வரை அவனிடம் சொன்னதில்லை.

புது பாஸ்போர்ட் வந்தது. லேபர் கார்டும் மாறியது. அடுத்த வருஷம் பெயின்டரின் அப்பா இறந்தார். கம்பெனி அவசர லீவு கொடுத்தது. போய் வந்தார்.

ஏழு மாதம் கழித்து வெல்டரின் அப்பா இறந்தார். காலையில் போன் வந்தது. அவன் ஒரே மகன். அவன்தான் கொள்ளி வைக்க வேண்டும். இருவரும் கேம்ப் ஆபீசுக்கு ஓடினோம். லீவு பார்க்கிற கிளார்க் கம்ப்யூட்டரில் பெயரைத் தட்டினார். ஐந்து பெயரும் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்தன. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“பாய், உங்க அண்ணன் இதுக்குத்தானே போயிட்டு வந்தான்? ஏக் பாப், தோ பார்?” ஒரே அப்பன் ரெண்டு தடவை சாவானா என்று கேட்கிறார்.

“அவன் என் அண்ணன் இல்ல சாப். எங்கப்பா வேற” என்றான் வெல்டர். தமிழும் இந்தியும் கலந்து திக்கினான். கிளார்க் திரையைக் காட்டினார். பெயர் ஒன்று. ஊர் ஒன்று. எங்களுக்காக எடுத்துச் சொல்லக்கூடிய சேஃப்டி ஆபீசர் அப்போது சவூதியில், ஜுபைல் சைட்டில் இருந்தார்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். எழுதினவன் நான் என்று சொல்லியிருக்கலாம். என் விசா புதுப்பிக்கிற தாள் அதே மேஜையில் கையெழுத்துக்குக் கிடந்தது. பெயரில் பொய் என்று கிளப்பிவிட்டால் ஐந்து பேருக்கும் ஆபத்து, முதலில் எனக்கு. அப்படி நினைத்தேன். வாயைத் திறக்கவில்லை. மேனேஜரைக் கேட்டுச் சொல்கிறேன், நாளைக்கு வா என்றார் கிளார்க்.

வெல்டர் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

மறுநாள் காலை நான் தனியாகப் போய்ச் சொன்னேன். அஞ்சு பேர், அஞ்சு அப்பன், எழுதினது நான். கிளார்க் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். “அரே, நேத்தே சொல்றதுக்கு என்ன?” பத்து நிமிஷத்தில் லீவு தாள் வந்தது. என் விசாவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஊரில் ஒரு ராத்திரி ஐஸ் பெட்டியில் வைத்துக் காத்திருந்தார்கள். அதற்கு மேல் முடியாது என்றார்கள். பங்காளி மகன் கொள்ளி வைத்தான். வெல்டர் ஏர்போர்ட் நாற்காலியில் உட்கார்ந்து போனில் பார்த்தான். பக்கத்தில் நான் அவன் பையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்தவன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அண்ணே என்றுதான் கூப்பிட்டான். கேட்டிருக்கலாம்.

போன வெள்ளிக்கிழமை அவன் மகளிடமிருந்து வாய்ஸ் மெசேஜ். நர்சிங் முடித்தவள். குவைத்துக்குப் போக பாஸ்போர்ட் எடுக்கிறாள். “அப்பா, சர்நேம்னு கேக்குது. என்ன போட?”

போனை என் பக்கம் நீட்டினான்.

“உன் பேரையே போடச் சொல்லுடா” என்றேன்.

“வேணாம்ணே. ஊர்ப் பேரே இருக்கட்டும். இல்லாட்டி நாளைக்கு நான் செத்தா, அவ என் மக இல்லேம்பாய்ங்க.”

சாதாரணமாகத்தான் சொன்னான். சொல்லிவிட்டு டீ போடப் போனான்.

பாஸ்போர்ட்டில் அந்த ஊர்ப் பெயர் உள்ளவர்களை எண்ணினேன். நாங்கள் ஐந்து. பெயின்டர் மகன்கள் இரண்டு. கம்பி கட்டுகிறவர் மனைவி, மகள். சமையல்காரர் மகன். என் மகன். இப்போது இவள்.

பன்னிரண்டு.