ஸ்ட்ரெதம் வீட்டு விமானிப் பேட்ஜ்

நீங்கள் குட்டித் தாத்தா என்று கூப்பிடுகிறவர் எனக்குச் சித்தப்பா. அப்பாவின் கடைசித் தம்பி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவர் எங்களோடு கிங்ஸ்பரி வீட்டில்தான் இருந்தார். பெட்ரோல் ஸ்டேஷனில் ஷிப்ட் வேலை. லண்டனுக்கு வரும்போது விமானத்தில் ஏறியதிலிருந்து இறங்கும் வரை வாந்தி எடுத்த மனிதர். அப்படிப்பட்டவருக்குப் பைத்தியம் எதிலே என்றால், முதலாம் உலகப் போரில் ஜெர்மன் விமானிகள் சட்டையில் குத்திக்கொண்ட வெள்ளிப் பேட்ஜ்களில்.

ஞாயிறு காலைச் சந்தைகளில் தேடித் தேடி வாங்குவார். முட்டை வடிவில் ஓர் இலை வளையம், உச்சியில் கிரீடம், நடுவிலே பழங்காலத்து விமானம், அதற்குக் கீழே வயலும் வீடுகளும். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அம்மாவுக்கு அதைக் கண்ணில் காட்டக்கூடாது. "பிளேன் சத்தத்துக்கு பங்கருக்குள்ள ஓடின சனம் நாங்கள். இவன் பிளேனைக் காசு குடுத்து வீட்டுக்குள்ள கொண்டு வாறான்," என்பார்.

வாங்கி வந்ததும் மேசையில் வைத்துப் பூதக்கண்ணாடியால் பார்ப்பார். டோர்ச் பிடிப்பது என் வேலை. அசல் பேட்ஜ் வெள்ளித் தகட்டில் அச்சு வைத்து அடித்தது. வீட்டுக் கூரைகூடக் கூர்மையாகத் தெரியும். போலி, உருக்கி வார்த்தது. கோடெல்லாம் மழுங்கிப்போய், பின்பக்கத்தில் தோசையில் விழுவது மாதிரிப் பொடி ஓட்டைகள் இருக்கும். டோர்ச் பிடித்த தகுதியிலேயே நானும் ஒரு நிபுணன் என்று எட்டு வயதில் எனக்கு நினைப்பு.

இந்தப் பைத்தியத்தால் சித்தப்பாவுக்குக் கல்யாணம் தட்டித் தட்டிப் போனது. சம்பளத்தைத் தகரத்தில் போடுகிறவருக்குப் பெண் கொடுக்க யார் வருவார்கள்? அப்போதுதான் லண்டனின் தெற்குப் பக்கம், ஸ்ட்ரெதத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பெண்ணின் தகப்பனாரிடமும் அதே மாதிரி ஒரு பேட்ஜ் இருக்கிறதாம். மாப்பிள்ளைக்கு அதில் ஞானம் உண்டு என்று கேட்டுத்தான் சம்மதித்தாராம். அம்மா சாமி அறையில் உடனே ஒரு விளக்குக் கூடுதலாக ஏற்றினார்.

பெண்ணின் படத்தைச் சித்தப்பா பேட்ஜ் பெட்டிக்குள்தான் வைத்திருந்தார். அதையும் அவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்ததை நான் கண்டேன். படமும் அசலோ என்று பார்க்கிறார் என்று நினைத்தேன்.

பெண் பார்க்க எல்லோரும் போனோம். ரயிலும் பஸ்ஸும் மாறிப் போய்ச் சேருவதற்குள் சித்தப்பாவின் சட்டைக் கொலர் நனைந்துவிட்டது. வீட்டில், டிவிக்கு மேலே, கண்ணாடிப் பெட்டிக்குள் சிவப்புத் துணி விரித்து அந்தப் பேட்ஜை வைத்திருந்தார்கள். பக்கத்தில் குட்டிப் பிள்ளையார். சுகம்கூட விசாரிக்காமல் பெண்ணின் தகப்பனார் பெட்டியைத் திறந்தார்.

"தம்பி, வாற ஆக்களுக்கெல்லாம் இது அசல் எண்டுதான் சொல்லி வைச்சிருக்கிறன். நீங்கள் விசயம் தெரிஞ்ச ஆள். பாத்து ஒருக்காச் சொல்லிவிடுங்கோ."

சித்தப்பா கையில் எடுத்தார். நான் பழக்கதோஷத்தில் பக்கத்தில் போய் நின்றேன். கூரைகள் மழுங்கிக் கிடந்தன. திருப்பினார். பின்பக்கம் முழுக்கத் தோசை ஓட்டை! சித்தப்பா என்னைப் பார்த்தார். அம்மா சித்தப்பாவைப் பார்த்தார். அப்பா கூரையைப் பார்த்தார்.

"அசல்தானே தம்பி?"

சித்தப்பா பேட்ஜை இன்னொரு முறை முன்னும் பின்னும் திருப்பினார். பாவம், கண்டுபிடிக்கத் தெரியாமல் முழிக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. உதவி செய்ய முடிவு செய்தேன்.

"சித்தப்பா, பின்னால பாருங்கோ, ஓட்—"

அவ்வளவுதான் சொன்னேன். ஒரு முழு உளுந்துவடை என் வாய்க்குள் வந்துவிட்டது. குசினியிலிருந்து தட்டோடு வந்த பெண்தான் அதை வைத்தவர். "பிள்ளைக்குப் பசி போல," என்றார், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். வடை நல்ல சூடு. கண்ணில் தண்ணீர் வழிய, அதைத் துப்பவும் ஏலாமல் விழுங்கவும் ஏலாமல் நான் நின்றேன். என் தலைக்கு மேலால் சித்தப்பாவும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கொஞ்சம் அதிக நேரம்தான் பார்த்தார்கள்.

சித்தப்பா பேட்ஜைச் சிவப்புத் துணியில் திரும்ப வைத்தார்.

"மாமா, இது உடனே சொல்லுற விசயமில்லை. ஆறுதலாப் பாக்கவேணும். வாற ஞாயிறும் வரட்டோ?"

"அதுக்கென்ன, வாங்கோ!"

அந்தக் கோடை முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் ஸ்ட்ரெதம் போனோம். பேச்சு முற்றாகும் வரை தனியாக அனுப்பக்கூடாது என்று என்னைத் துணைக்கு அனுப்பினார்கள். என் கார்ட்டூன் எல்லாம் போச்சு. அங்கே போனால் பேட்ஜை மேசையில் எடுத்து வைப்பார்கள். பூதக்கண்ணாடியையும் பக்கத்தில் வைப்பார்கள். பிறகு ஒருவரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. தகப்பனார் பின்வளவில் தக்காளிக்குத் தண்ணீர் விடப் போய்விடுவார். மழை பெய்த நாளிலும் போனார். சித்தப்பாவும் பெண்ணும் சந்தியில் இருந்த மரக்கறிக் கடையைப் பற்றியும், பெண் படிக்கப் போகும் வகுப்புகளைப் பற்றியும், ஒன்றுமில்லாத எதைப் பற்றியும் பேசிச் சிரிப்பார்கள். நான் டோர்ச்சோடு காத்திருப்பேன்.

ஒருநாள் பெண் என்னிடம் ரகசியமாகச் சொன்னார். சந்தையில் தகப்பனார் பேட்ஜை வாங்கி முதுகைத் திருப்பியதும், கடைக்காரன் மேசைக்குக் கீழே இருந்த பெட்டியிலிருந்து அதே மாதிரி இன்னொன்றை எடுத்து வைத்தானாம். பெட்டி நிறைய அதுதானாம். "அப்பான்ரை சந்தோசத்தைக் கெடுக்க மனம் வரேல்லை. உங்கட சித்தப்பாவும் கெடுக்கேல்லை, பாத்தீரோ?" என்றார். நான் வடையைத்தான் பார்த்தேன்.

கல்யாணம் முற்றாகி, தாலிக்குப் பொன் உருக்கும் நாள் வந்தது. எங்கள் வீட்டில் நகைக்காரர் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். பெண் வீட்டாரும் வந்திருந்தார்கள். பொன் நாணயத்தை நெருப்பில் போடப் போகும்போது சித்தப்பா எழுந்தார். முகம் விமானத்தில் வந்த நாள் மாதிரி வெளிறியிருந்தது.

"மாமா, பொன் உருக்க முந்தி ஒண்டு சொல்லவேணும். அந்த பேட்ஜ் அசல் இல்லை."

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டார். பெண்ணின் தகப்பனார் என்னைக் காட்டிச் சிரிக்கத் தொடங்கினார்.

"எனக்கு அது முதல் நாளே தெரியும் தம்பி! வாயில வடையோட நிண்ட இவன்ரை முகத்திலேயே எழுதிக் கிடந்துது."

எனக்குக் கோபம் வந்தது. "அப்ப ஏன் ஒவ்வொரு ஞாயிறும் போனனாங்கள்?" என்று கத்தினேன். அந்தச் சிரிப்பு அடங்க நேரம் எடுத்தது. நகைக்காரர்கூடச் சிரித்தார்.

நானே யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். நான் ஒரு நிமிடத்தில் கண்டதைக் காணச் சித்தப்பாவுக்கு ஒரு கோடை எடுத்ததென்றால், பூதக்கண்ணாடிதான் பழுது. அம்மாவை நச்சரித்துப் புதிதாக ஒன்று வாங்கி, கல்யாணத்தன்று மேடையில் கொடுத்தேன். சித்தப்பா சிரிக்காமல் இரண்டு கையாலும் வாங்கினார். சித்தி மாலைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார்.

பழைய பூதக்கண்ணாடியில் ஒரு பழுதும் இருக்கவில்லை. பல வருடம் கழித்து உங்கள் அம்மா வீட்டுக் குசினிக் குழாயைத் திருத்தப் போய், அரை மணி நேர வேலைக்கு நான் ஒன்றரை மாதம் போய் வந்தபோதுதான் அது எனக்கு விளங்கியது.