இருப்புப் பதிவேட்டில் ஒரு ஜப்லா

வியர்த்த கையில் பிடித்த ஊசிக்கு ஒரு வாடை உண்டு. பழைய காசை நாக்கில் வைத்தால் வருமே, அந்தத் துருவாடை. காரைக்குடி வெயிலில், மதியச் சாப்பாடு முடிந்ததும் முதல் வகுப்பாகத் தையலை வைத்த புண்ணியவான் யாரென்று தெரியாது. நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்து நாற்பது ஊசிகளைத் துருப்பிடிக்க வைத்துக்கொண்டிருப்போம். தையல் டீச்சர் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். கரும்பலகைக்கு அடியில் உதிர்ந்து கிடக்கும் சாக்பீஸ் தூளை ஒரு தகர டப்பாவில் கூட்டி வைத்துக்கொண்டு, எல்லார் உள்ளங்கையிலும் ஒரு சிட்டிகை போட்டுவிட்டுப் போவார். வெள்ளைக் கையோடு தைத்தால் ஊசி வழுக்காது, துணியும் அழுக்காகாது. அறுபதுகளின் பிற்பகுதியில், ஏழாம் வகுப்பில், நான் கற்றுக்கொண்ட முதல் அலுவலக நடைமுறை அது: வேலையைத் தொடங்குமுன் கை சுத்தமாக இருப்பதாகக் காட்டிக்கொள்வது.

டீச்சர் சிங்கம்புணரிப் பக்கமிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை என்று பெரிய வகுப்புப் பிள்ளைகள் பேசிக்கொள்வார்கள். அதனாலோ என்னவோ, சட்டதிட்டங்களில் நிரந்தரமானவர்களைவிடக் கண்டிப்பு. ஆளுக்கொரு "தையல் நோட்டு" வைத்திருந்தோம். பழுப்புத் தாளில் சிறு சிறு காடாத் துணித் துண்டுகளை ஒட்டி, ஒன்றில் ஓடு தையல், ஒன்றில் சங்கிலித் தையல், ஒன்றில் ஓரம் மடித்த எம்மிங், ஒன்றில் பித்தான் துளைக்குக் காஜா என்று மாதிரி தைத்துக் காட்டவேண்டும். பிடிக்கவில்லையென்றால், "கோழி கிண்டுன மாதிரி இருக்கு, பிரிச்சிட்டு மறுபடி தை" என்று கத்தரிக்கோலை நீட்டுவார். அரையாண்டுக்கு முழுசாக ஓர் உடுப்பு தைத்துக் கொடுக்கவேண்டும். ஏழாம் வகுப்புக்கு அது "ஜப்லா", பச்சைக் குழந்தைக்குப் போடும் கையில்லாச் சட்டை. அதைப் போட்டுக்கொள்ள யார் வீட்டில் குழந்தை இருக்கிறது என்ற கவலை பாடத்திட்டம் எழுதியவருக்கு இல்லை. எங்கள் வீட்டில் அந்த வருஷம் ஒன்று வர இருந்தது.

எனக்குப் பிறகு பதினோரு வருஷம் கழித்து அம்மா மாசமாக இருந்தார். அப்பாவுக்குச் சொந்த ஊர் ஒக்கூர். காரைக்குடியில் ஒரு பஸ் கம்பெனியில் வேலை. ஒக்கூரிலிருந்து அப்பாவின் அக்காள், என் அயித்தை, துணைக்கு வந்திருந்தார். வரும்போதே இரண்டு மூட்டை பழைய வேட்டி கொண்டுவந்து, வெந்நீரில் அலசி, காயவைத்து, சதுரம் சதுரமாகக் கிழித்து அடுக்கிவிட்டார். பிறக்கப்போகிற பிள்ளை முப்பது நாள் கழியும்வரை அதைத்தான் உடுத்தவேண்டும். தைத்த துணி, புதுத் துணி எதுவும் ஆகாது. நான் மஞ்சள் மல் துணியை மடியில் விரித்து வெட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து யாருக்கு என்று கேட்டார். பள்ளிக்கூடத்துக்கு, மார்க்குக்கு என்றேன்.

"மார்க்குக்குத் தைக்கிறத அங்குட்டு வச்சுத் தை. வீட்டுக்குள்ள கொண்டாராத. நானும் ரெண்டு பிள்ளைக்கு முன்கூட்டித் தைச்சு வச்சவதான்."

அயித்தைக்குப் பிள்ளைகள் இல்லை என்பது எனக்குத் தெரியும். இரண்டு பேர் இருந்தார்கள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

வீட்டுக்குள்ளே கூடாது என்றால் வெளியே கூடும் என்று நான் சட்டத்துக்கு உரை எழுதிக்கொண்டேன். அயித்தை மதியம் கண்ணயரும் ஞாயிற்றுக்கிழமைகளில் கிணற்றடிச் சுவர் நிழலில் உட்கார்ந்து தைத்தேன். ஒரு நாள் அம்மா வயிற்றைத் தாங்கிக்கொண்டு மெதுவாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஜப்லாவை வாங்கி உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, கை நுழையும் வளைவில் விரலை ஓட்டிப் பார்த்தார்.

"இந்த ஓரம் கக்கத்துல உறுத்தும்த்தா. இதுகளுக்குத் தோலு ஏது, சவ்வுதான்."

என் ஊசியை வாங்கி, ஓரத்தை அரிசி அகலத்துக்கு மடித்து, இரண்டு வளைவையும் அவரே தைத்து முடித்தார். சாக்பீஸ் தூள் எதுவும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. தையல் எங்கே உள்ளே போனது, எங்கே வெளியே வந்தது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. நூலைப் பல்லால் கடித்துவிட்டு, ஜப்லாவை வயிற்றின்மேல் ஒரு கணம் விரித்து அளவு பார்த்தார். பிறகு அயித்தை படுத்திருந்த பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே என்னிடம் கொடுத்தார். அப்படித் திருட்டுத்தனமாக அம்மா சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

டீச்சர் கைவளைவில்தான் முதலில் கண்ணை வைத்தார். "இது உன் கை இல்லையே, யாரு தைச்சா?" என்றார். அதற்காக இரண்டு மார்க் குறைத்தார். பிறகு, வகுப்பிலேயே நேர்த்தியான தையல் அதுதான் என்று, இன்ஸ்பெக்‌ஷனுக்குக் காட்சியில் வைக்க அதையே எடுத்துக்கொண்டார். குறைத்ததும் அந்தத் தையலுக்காக, தேர்ந்தெடுத்ததும் அதே தையலுக்காக. பின்னாளில் அரசு அலுவலகத்தில் இதுபோல் ஏராளமாகப் பார்த்துவிட்டேன். ஜப்லாவின் உள்பக்கம் ஊதா மையில் பள்ளி முத்திரை விழுந்தது. இருப்புப் பதிவேட்டில் ஓர் எண் ஏறியது. கண்ணாடி அலமாரிக்குள் போய்ப் பூட்டிக்கொண்டது.

தம்பி பிறந்து எட்டு நாள் நன்றாக இருந்தான். பச்சைக் கரை போட்ட வேட்டித் துண்டில் சுற்றி என் மடியில் வைப்பார்கள். மூடிய கைக்குள் என் விரலை நுழைத்தால் விடமாட்டான். எட்டாம் நாள் சாயங்காலம் பால் குடிக்க மறுத்தான். அப்பா டாக்டரைக் கூட்டிவந்தார். ஒன்பதாம் நாள் விடியும்போது போய்விட்டான்.

காலையில் சித்தப்பாவும் அக்கம்பக்கத்தாரும் வந்தார்கள். பச்சைக் குழந்தைக்குச் சடங்கு எதுவும் கிடையாது. எடுத்துப்போய் மண்ணில் வைத்துவிட்டு வரவேண்டியதுதான், வெயில் ஏறுமுன் போகலாம் என்று வாசலில் பேசிக்கொண்டிருந்தார்கள். உள்ளே அம்மா என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். அழவில்லை. காதருகே இழுத்து மெதுவாகச் சொன்னார்.

"பள்ளிக்கூடத்துக்கு ஓடிப்போயி அந்தச் சட்டைய வாங்கியாந்துரு ஆத்தா. ஒரு தைச்ச துணியாவது போட்டுக்கிட்டுப் போகட்டும். யார்ட்டயும் சொல்லாத, அயித்தை சத்தம் போடுவாக."

பள்ளிக்கூடம் ஓடினால் பத்து நிமிஷம். விஷயத்தைச் சொன்னதும் டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. சாவியை எடுத்துக்கொண்டு அலமாரி வரைக்கும் வந்தார். பூட்டில் கை வைத்தவர் நின்றுவிட்டார்.

"திங்கக்கிழமை இன்ஸ்பெக்‌ஷன்மா. பதிவேட்டுல ஏத்தியாச்சு. நானா எடுத்துக் குடுத்தா என் வேலைக்கே உலை வச்சிருவாக. பெரிய டீச்சருக்கு ஒரு மனு எழுதிரு, ஒரு நிமிஷந்தான."

எழுதினேன். அனுப்புநர், பெறுநர், மதிப்பிற்குரிய அம்மா, பொருள்: காட்சிக்கு வைத்துள்ள ஜப்லாவைத் திரும்பப் பெறுதல் தொடர்பாக. என் தம்பி இன்று காலை இறந்துவிட்டபடியால் அன்னாருக்கு அணிவிக்க மேற்படி ஜப்லாவைத் தந்துதவுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன். ஒன்பது நாள் பிள்ளையை "அன்னார்" என்று எழுதியிருந்தேன். மனு எழுதும் பாடத்தில் நான்தான் எப்போதும் முதல்.

தலைமையாசிரியை, எங்களுக்குப் பெரிய டீச்சர், படித்துவிட்டு என் தலையைத் தடவினார். நல்ல மனுஷிதான். "அப்பா கையெழுத்து இல்லையேம்மா. நாளைக்கு யாராவது கேட்டா நான் பதில் சொல்லணும்ல, ஒரு ஓட்டமா வாங்கியாந்துரு" என்றார்.

எங்கள் தெருமுனையில் அவர்கள் எதிரே வந்தார்கள். முன்னால் அப்பா, கையில் பச்சைக் கரை வேட்டித் துண்டு. பக்கத்தில் சித்தப்பா. பின்னால் மண்வெட்டியோடு பக்கத்து வீட்டுக்காரர். அப்பா என்னைப் பார்த்து நின்றார். என்னத்தா என்று கேட்டார்.

"கையெழுத்து வேணும்ப்பா" என்றேன்.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கவேண்டியது ஒரே ஒரு சொல். நில்லுங்கப்பா என்று சொல்லியிருந்தால் நின்றிருப்பார். அம்மா கேட்டது என்று சொல்லியிருந்தால், என்னோடு பள்ளிக்கூடத்துக்கே வந்து பூட்டை உடைத்தும் எடுத்துக் கொடுத்திருப்பார். அயித்தை என்ன சொல்லியிருந்தாலும் கேட்டிருக்கமாட்டார். எனக்குத் தோன்றவில்லை. பெரிய டீச்சர் கேட்டது கையெழுத்து; நான் கையெழுத்தைக் கேட்டேன்.

அப்பா பிள்ளையைச் சித்தப்பாவிடம் கொடுத்தார். எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு: பள்ளிக்கூடத்துத் தாள் எதுவானாலும் நான் குனிந்து நிற்பேன், அப்பா என் முதுகில் வைத்துக் கையெழுத்துப் போடுவார். படித்துப் பார்க்கமாட்டார், என்மேல் அவ்வளவு நம்பிக்கை. அன்றும் குனிந்தேன், போட்டார். தாளை என் கையில் கொடுத்துவிட்டு, பிள்ளையை வாங்கிக்கொண்டு நடந்தார். லீவு லெட்டர் என்று நினைத்திருப்பார்.

கையெழுத்து கிடைத்துவிட்ட நிம்மதியோடு நான் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் அப்படித்தான் ஓடினேன். பெரிய டீச்சர் உத்தரவு எழுதினார். தையல் டீச்சர் பதிவேட்டில் "தற்காலிகமாக" என்று குறித்து, என்னிடம் கையொப்பம் வாங்கிக்கொண்டு, திங்கள் காலையில் கொண்டுவந்துவிடவேண்டும் என்று சொல்லி ஜப்லாவைக் கொடுத்தார். அவர் "திங்கள் காலை" என்று சொன்னபோதுதான், இதைத் திருப்பிக் கொண்டுவருவது எப்படி என்ற கேள்வி எனக்கு வந்தது. அந்தக் கேள்விக்குப் பின்னால் மற்றதெல்லாம் வந்தது: இந்நேரம் அவனை மண்ணில் வைத்திருப்பார்கள்.

அம்மா வாசற்படியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஜப்லாவைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "அப்பாவ வழியில பாக்கலையா?" என்றார்.

"பாக்கலைம்மா."

அம்மா ஜப்லாவை நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டார். பால் கட்டியிருந்தது, கொஞ்ச நேரத்தில் மஞ்சள் துணி நனைந்து, நிறம் மாறி, சொட்டத் தொடங்கியது. அயித்தை சமையல்கட்டிலிருந்து வந்து பார்த்தார். அடிப்பார் என்று எதிர்பார்த்து நான் சுவரோரம் ஒண்டினேன். அவரோ முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை அந்த ஜப்லாவைத் துவைத்து, கரித்துண்டு போட்டு இஸ்திரிப்பெட்டியைச் சூடாக்கித் தேய்த்து, தாளில் மடித்து என் பையில் வைத்தது அயித்தைதான்.

திங்கட்கிழமை வந்த அதிகாரியம்மா எல்லாவற்றையும் விட்டுவிட்டு அதைத்தான் கையில் எடுத்தார். கைவளைவைத் தடவிப் பார்த்து, நல்ல கை என்று டீச்சரைப் பாராட்டினார். டீச்சர் என் பக்கம் பார்க்கவில்லை. ஜப்லா மறுபடி அலமாரிக்குள் போனது. வருஷக் கடைசியில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். நான் கேட்கவில்லை, அம்மாவும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு குழந்தை பிறக்கவில்லை.

நானும் அரசுப் பணியில் சேர்ந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றேன். இந்த அனுபவத்தால் யாரையும் அலைக்கழிக்காத அதிகாரியாக இருந்தேன் என்று எழுதினால் கட்டுரைக்கு நன்றாக இருக்கும், பொய்யாகவும் இருக்கும். கையொப்பம் இல்லை, நாளை வாருங்கள் என்று எத்தனை பேரிடம் சொன்னேன் என்பதற்குக் கணக்கில்லை. ஒவ்வொரு முறையும் விதி என் பக்கம்தான் இருந்தது.

அப்பா போய் வெகுகாலமாகிறது. அம்மா போய் ஆறு வருஷம். தெருமுனையில் அப்பாவைப் பார்த்தேன் என்று கடைசிவரை நான் அம்மாவிடம் சொல்லவில்லை.

போன தேர்தலில் எனக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் ஓட்டு. அதே கூடத்தில் அதே அலமாரி நின்றது. உள்ளே விளையாட்டுக் கோப்பைகளும் ஓடாத ஒரு கடிகாரமும். தையல் வகுப்பு எப்போது நின்றது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. ஒரு வாரம் கழித்துத் திரும்பப் போய், பழைய இருப்புப் பதிவேடு, மனுக்கள் ஏதாவது இருக்குமா என்று கேட்டேன். எழுத்தர் சின்னப் பையன், மரியாதையானவன்.

"கரையான் தின்னது போக மிச்சத்தக் கழிச்சுட்டாகளே மேடம். எதுக்கும் ஒரு மனு எழுதிக் குடுத்துட்டுப் போங்க, தேடிப் பாக்குறேன்" என்று வெள்ளைத் தாள் ஒன்றை நீட்டினான்.

அப்படிப்பட்ட கடிதங்களை நெடுங்காலம் வைத்திருக்கவேண்டியதில்லை என்பது எனக்கு மனப்பாடம். எத்தனையோ கட்டுகளை அழிக்க நானே குறிப்பு எழுதியிருக்கிறேன். தம்பிக்குப் பெயர் வைக்கவில்லை. பிறப்பையும் யாரும் பதியவில்லை, இறப்பையும் பதியவில்லை. அவன் இருந்தான் என்று சொன்ன ஒரே தாள் நான் எழுதிய மனுதான். நான் அப்பாவைப் பார்த்தேன் என்பதற்கு இருந்த ஒரே எழுத்துச் சாட்சியும் அதுதான்.

தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அப்பாவின் கையெழுத்து மூன்று எழுத்தும் அடியில் ஒரு கோடும். எழுத்தை மெல்லத்தான் போடுவார். கோட்டை மட்டும் அழுத்தி இழுப்பார். எங்கேயாவது எதற்காகவாவது குனிந்தால், இடது தோளுக்குக் கீழே அந்தக் கோடு இன்னும் இழுபடுகிறது.